பாண்டி–கடலூர் வட்டாரத்தில் சிறு பட்ஜெட் காமெடிப் படம்: இயக்குநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் படத்துக்கு காமெடிதான் சுலபம் என்கிறார்களே?

செலவில் சுலபம், வேலையில் இல்லை. சண்டைக்கு ஆள் வேண்டாம், பாட்டுக்கு வெளிநாடு வேண்டாம், பேய்க்கு கிராபிக்ஸ் வேண்டாம். நாலு பேரும் ஒரு டீக்கடையும் ஒரு பொய்யும் இருந்தால் கதை ஓடிவிடும். ஆனால் சிரிப்பு வருமா வராதா என்பது கால் நொடியில் முடிவாகிறது. அந்தக் கால் நொடியைப் பிடிக்க ஒத்திகை வேண்டும், கூடுதல் டேக் வேண்டும், தெளிவான ஒலி வேண்டும், எடிட்டிங்கில் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். காசு இறுகும்போது தயாரிப்பு முதலில் கை வைப்பது இந்த நான்கிலும்தான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும், வேறு எங்கே மிச்சம் பிடித்து இந்த நான்குக்கும் நேரம் வாங்குவது என்பதைப் பற்றியவை.

உதவி இயக்குநராக இருந்தே ஆக வேண்டுமா? குறும்படம் போதாதா?

2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குப் பிறகு குறும்படமே ஒரு வாசலாகிவிட்டது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள். ஆனால் பத்து நிமிடக் குறும்படம் ஒரு நகைச்சுவையை முடித்துக் காட்டினால் போதும். நூறு நிமிடப் படத்தில் அதே ஆட்களை வைத்துச் சிரிப்பை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அதோடு முப்பது பேரை இருபது நாள் கட்டி மேய்ப்பது குறும்படத்தில் பழகாத வேலை. ஒரே ஒரு படத்திலாவது, அதுவும் சின்னப் படத்தில், ஷெட்யூல் போடும் இடத்தில் நின்று பாருங்கள். பெரிய படத்தில் பத்தாவது உதவியாளராக நின்றால் கூட்டத்தை ஒதுக்கத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

செலவைக் குறைக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

எழுதி முடித்த பிறகு குறைப்பது வேறு, குறைவாகவே யோசிப்பது வேறு. இரண்டாவதுதான் வேலைக்கு ஆகும். நூறு நிமிடப் படத்துக்கு 55 முதல் 60 சீன் என்று வைத்தால், இருபது நாளில் ஒரு நாளைக்கு மூன்று சீன். காமெடிக்கு அதற்கு மேல் தாங்காது. ஐந்து சீன் என்று ஷெட்யூல் போட்டால் ஐந்தும் எடுத்துவிடலாம், ஒன்றுகூட சிரிப்பு வராது.

பார்க்க வேண்டியது பக்க எண்ணிக்கை இல்லை, இடமாற்றம். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம் என்று யூனிட் நகர்ந்தால் கட்டி, ஏற்றி, இறக்கி, லைட் போட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் போய்விடும். ஆறு முதல் எட்டு இடங்களுக்குள் கதையை அடக்குங்கள். முக்கியமான இடம் ஒன்றில் (வீடு, மெஸ், சைக்கிள் கடை, வக்கீல் ஆபீஸ்) படத்தின் பாதி நடக்கட்டும். அந்த இடத்தை ஒரேயடியாகப் பத்து நாள் வாடகைக்கு எடுத்தால் லைட்டைக் கழற்றவே வேண்டாம், மீந்த நேரம் டேக்குக்குப் போகும்.

இரவு வெளிப்புறம், மழை, ஓடும் வண்டிக்குள் வசனம், கல்யாணக் கூட்டம், குழந்தை, பிராணி: இந்த ஆறில் எதை எழுதினாலும் செலவு ஏறும். கல்யாண மண்டபம் வேண்டுமென்றால் சமையல்கட்டுப் பக்கம் கதையை நடத்துங்கள். நாதஸ்வரச் சத்தம் உள்ளேயிருந்து வந்தால் போதும், முன்னூறு பேருக்கு பேட்டா கொடுக்க வேண்டாம்.

பாண்டி என்றாலே மஞ்சள் சுவரும் கடற்கரையும்தானே? கதைக்கு வேறென்ன இருக்கிறது?

மஞ்சள் சுவரை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நகைச்சுவைக்கு இந்த ஊர் தருவது எல்லைக்கோடு. புதுச்சேரி ஒரே துண்டான நிலம் இல்லை. நடுநடுவே தமிழ்நாடு புகுந்து புறப்படும். நகரத்திலிருந்து காலாப்பட்டு போக வேண்டுமானால் விழுப்புரம் மாவட்டத்து கோட்டக்குப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். சாராய விலை ஒரு பக்கம், சோதனைச் சாவடி மறு பக்கம். இரண்டு ரேஷன், இரண்டு போலீஸ், இரண்டு முதலமைச்சர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா, அந்த பென்ஷனைக் குறிவைத்துச் சுற்றும் சொந்தக்காரர்கள், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்தில் மீன் ஏலம், பண்ருட்டியில் பலாப்பழ மண்டி, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு சென்னை ஐடி பையன் பாண்டிக்கு வந்து குடிக்கும் கதையை இன்னொரு தடவை எழுத வேண்டாமே.

40 லட்சம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

உதாரணக் கணக்கு ஒன்று: படப்பிடிப்பு (கேமரா, லைட், வண்டி, சாப்பாடு, தங்கல், பேட்டா) 12 லட்சம், நடிகர்–தொழில்நுட்பக் கலைஞர் சம்பளம் 6, ஒலி 3, எடிட்டிங்–இசை–கலர் 5, கையிருப்பு 4, வெளியீடு 10. கடைசி இரண்டிலும் கை வைக்கக் கூடாது. நாற்பதையும் படத்திலேயே கொட்டிவிட்டு, போஸ்டர் அடிக்கக் காசில்லாமல் பெட்டிக்குள் கிடக்கும் படங்கள் ஏராளம்.

சாப்பாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். முப்பது பேர், மூன்று வேளை, இருபது நாள் என்றால் 1,800 சாப்பாடு. டீ, வடை தனி. ஒரு சாப்பாட்டுக்கு பத்து ரூபாய் குறைத்தால் மிஞ்சுவது 18,000 ரூபாய். அதற்குப் பதிலாக மதியம் மூன்று மணிக்கு மேல் யூனிட் முகம் தொங்கிப்போகும், காமெடி நடிகர் முகமும் சேர்த்துத்தான்.

கேமரா, லைட் சென்னையிலிருந்து வந்தால் வாடகை நாள் கணக்கு வண்டி கிளம்பும்போதே தொடங்கிவிடும். இருபது நாள் ஷூட்டிங்குக்கு இருபத்திரண்டு நாள் வாடகை வரும். போக வர நாட்களுக்குப் பாதி வாடகை என்று முன்பே எழுத்தில் பேசுங்கள். தங்குவதற்கு வெள்ளை நகரம் (பாண்டியின் பழைய பிரெஞ்சுப் பகுதி) வேண்டவே வேண்டாம். வெள்ளி மாலை முதல் அறை வாடகை எகிறிவிடும். அரியாங்குப்பம், வில்லியனூர், அல்லது கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜ்கள் போதும். பாண்டிக்கும் கடலூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

முதலில், கேமரா வைக்கும் இடம் எந்த ஆட்சிக்குள் வருகிறது என்று பாருங்கள். ‘செரினிட்டி பீச்’ என்றால் எல்லாருக்கும் பாண்டிதான், ஆனால் அந்தத் தந்திராயன்குப்பம் கடற்கரை தமிழ்நாட்டில் இருக்கிறது. புதுச்சேரியில் வாங்கிய கடிதத்தை அங்கே காட்டினால் கான்ஸ்டபிள் சிரிப்பார், படத்துக்கு அந்தச் சிரிப்பு உதவாது.

புதுச்சேரிக்குள் நகரத் தெருக்களுக்கு நகராட்சி. லாஸ்பேட்டை பக்கம் உழவர்கரை நகராட்சி. பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் போன்ற இடங்களில் கொம்யூன் பஞ்சாயத்து (கிராமப்புற உள்ளாட்சி). இதோடு காவல்துறையும் போக்குவரத்துக் காவலும் சேரும். சுண்ணாம்பாறு படகுக் குழாம் சுற்றுலாத் துறையைச் சேர்ந்தது. நகராட்சிக் கட்டணம் அவ்வப்போது மாறும், இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியை நம்பாமல் நேரில் கேட்டு ரசீதோடு கட்டுங்கள். கடலூர் பக்கம் மாநகராட்சி, காவல்துறை, மாவட்ட நிர்வாகம். பிச்சாவரத்துக்கு வனத்துறை. ரயில் நிலையமோ ஓடும் ரயிலோ வந்தால் தெற்கு ரயில்வே, அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் அதிகம் என்பதால் சின்னப் படத்தில் ரயிலைச் சத்தமாக மட்டும் வையுங்கள். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. ஒரு கனவுக் காட்சிக்காக அங்கே ஏற நினைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 15, 16, நவம்பர் 1, மாசி மகம், வீராம்பட்டினம் தேர்: அரசு விழாவோ திருவிழாவோ வரும் இந்த நாட்களை ஒட்டி காவலர் கிடைக்க மாட்டார்கள். வாங்கிய அனுமதியும் கடைசி நேரத்தில் ரத்தாகலாம்.

இன்னொன்று. சாராய பாட்டிலை ஆர்ட் பொருளாக வேனில் ஏற்றிக்கொண்டு ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டாதீர்கள். கலர் தண்ணீர்தான் என்று நிரூபிக்க அரை நாள் போகும். காலி பாட்டிலாகக் கொண்டுபோய் ஸ்பாட்டில் நிரப்புங்கள்.

எந்த மாதத்தில் எடுப்பது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. வெயில் கடுமை இல்லை, மழையும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. அந்த மூன்று மாதத்தில் வெளிப்புற ஷெட்யூல் போட்டால் கையிருப்பு நாலு லட்சமும் அதிலேயே கரையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் எடுக்கலாம், மாலையில் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டு நாலு மணிக்கு மேல் உட்புறக் காட்சி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

மீனவர் கதை என்றால் ஒரு விதிவிலக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலும் கடலூர் ஓ.டி.யிலும் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகுக்காரர்களுக்கும் வருமானம் இல்லாத காலம், நியாயமான வாடகைக்குப் படகும் ஆளும் கிடைக்கும். வெயில் கொளுத்தும், அதனால் காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 6:30 என்று நாளைப் பிரித்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலையில் கூட்டமில்லாமல் எடுக்க முடியுமா?

வார நாளில், விடியற்காலையில் முடியும். கூபேர் அவென்யூவில் மாலை 6 முதல் காலை 7:30 வரை வண்டிப் போக்குவரத்து கிடையாது, நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும்தான். கிழக்குக் கடல் என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. காதலர்கள் கடலைப் பார்த்துச் சூரிய அஸ்தமனம் ரசிக்கிற காட்சியை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடும், அன்றைக்கு அந்தப் பக்கம் வேனே போகாது.

ட்ரோன்?

2021 ட்ரோன் விதிகளின்படி பதிவும் வான்வெளி அனுமதியும் பார்க்க வேண்டும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் நகரத்தின் பெரும்பகுதிக்கு மேல் நினைத்தபோது பறக்க முடியாது. ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வரைபடத்தில் பறக்கலாமா கூடாதா என்று அந்த இடத்துக்குக் காட்டும் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உண்மையில் காமெடிப் படத்துக்கு ட்ரோன் தேவைப்படுவது அபூர்வம். ஐந்நூறு அடி மேலேயிருந்து யார் முகமும் தெரியாது.

தெரிந்த காமெடி நடிகர் ஒருவர் இல்லாமல் படம் விற்குமா?

இருந்தால் நல்லது, ஆனால் மூன்று நாள் கால்ஷீட்டில் அவரை வைத்துப் படம் முழுக்க இருப்பதுபோல் காட்டினால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். கால்ஷீட் மூன்று நாள்தான் என்றால் ஒரே இடம், ஒரே உடை, ஏழெட்டு நிமிடம் என்று முழுமையான ஒரு பாத்திரமாக எழுதுங்கள்.

மற்றவர்களை இங்கேயே தேடலாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகப் பயிற்சி உள்ள இளைஞர்கள் அங்கே கிடைப்பார்கள். கடலூர், விழுப்புரம் கிராமங்களில் தெருக்கூத்துக் குழுக்கள் இருக்கின்றன. கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவருக்கு டைமிங் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், விடிய விடிய ஊரைத் தூங்கவிடாமல் சிரிக்க வைத்துப் பழகியவர். ஆனால் அவர் குரலும் கையும் கடைசி வரிசை வரை எட்டுவதற்காகப் பழகியவை. கேமராவுக்கு அது மிகை. ஒத்திகையில் போனில் க்ளோசப் எடுத்து அவருக்கே போட்டுக் காட்டினால் இரண்டே நாளில் தானாகக் குறைத்துக்கொள்வார். ‘குறைச்சு நடிங்கண்ணே’ என்று வாயால் சொன்னால் சோர்ந்துபோவார்.

ஒத்திகைக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். மொட்டை மாடி போதும். அங்கே வாய்க்கு வந்ததைப் பேசவிட்டு, சிரிப்பு வந்த வரிகளை ஸ்கிரிப்ட்டில் ஏற்றி, ஷூட்டிங்குக்கு முன் பூட்டிவிடுங்கள். ஸ்பாட்டில் புதிதாகப் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு டேக்கிலும் வசனம் மாறும், எடிட்டரால் எதையும் எதனோடும் ஒட்ட முடியாது.

குழந்தைகள் நடித்தால்?

மாவட்ட நிர்வாக அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவெளியின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஆகவே குழந்தை உள்ள சீனை எப்போதும் காலையில் முதலாவதாக எடுங்கள்.

எந்த கேமரா நல்லது?

இந்த பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் எதுவும் போதும். நொடிக்கு 24 ஃபிரேமில் வையுங்கள். தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் பிரதியான டிசிபி பெரும்பாலும் 24-ல்தான் போகும். 25-ல் எடுத்துவிட்டு மாற்றினால் ஒலியின் நீளமோ சுருதியோ மாறும்.

கேமராவைவிட ஹார்ட் டிஸ்க் கணக்கு முக்கியம். நொடிக்கு 400 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 180 ஜிபி. தினம் இரண்டு மணி நேரம், இருபது நாள் என்றால் 7.2 டிபி. இதில் இரண்டு பிரதியாவது வேண்டும். இரண்டும் ஒரே லாட்ஜ் அறையில் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

லைவ் சவுண்டா, டப்பிங்கா?

முடிந்தவரை லைவ். ஒரு நடிகர் ஸ்பாட்டில் எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதிலின் இழுவையை, நாலு மாதம் கழித்து டப்பிங் அறையில் தனியாக நின்று திரும்பச் சொல்ல முடியாது. வார்த்தை வரும், வேகம் வராது. புது நடிகர்களுக்கு டப்பிங்கில் தன் குரலே பிடிபடாது. அப்புறம் வேறு ஆளை வைத்துப் பேசவைப்பீர்கள், அந்த முகத்துக்கு அந்தக் குரல் ஒட்டாது.

லைவ் என்று முடிவு செய்தால் ஒலிப்பதிவாளரை இடம் பார்க்கும்போதே கூட்டிப் போங்கள். வெள்ளை நகரத்துப் பழைய வீடுகள் உயரமான கூரையும் வெறும் தரையும் கொண்டவை. படத்தில் அழகு, ஒலியில் கிணறு. ஃபிரேமுக்கு வெளியே தரையிலும் சுவரிலும் ஜமுக்காளம், பழைய மெத்தை, கம்பளி எது கிடைக்கிறதோ அதைப் போட்டு எதிரொலியைக் குடிக்க வையுங்கள். பத்துப் பதினைந்து ஜமுக்காளம் வாடகைக்கு எடுத்தால் டப்பிங் செலவில் பெரும் பகுதி மிச்சம்.

கடற்கரையில் காலை பத்துக்குள் வசனத்தை முடியுங்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிட்டால் மைக்குக்கு உறை போட்டாலும் தாங்காது. நீளக் கம்பில் மாட்டிய பூம் மைக்கைத் தலைக்கு மேலிருந்து மணலைப் பார்த்துப் பிடியுங்கள். கிடையாகக் கடல் பக்கம் நீட்டினால் அலை முன்னால் வரும், வசனம் பின்னால் போகும். ஷாட்டுக்கு ஷாட் அலைச் சத்தம் ஏறி இறங்கும் என்பதால் நடிகர்கள் இல்லாமல் அலையை மட்டும் மூன்று நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள், மிக்ஸிங்கில் அதை அடியில் விரித்தால் வெட்டுகள் மறையும். உட்புறத்திலும் ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிட வெறும் சத்தம் எடுக்க வேண்டும். உதவி இயக்குநர்கள் மறப்பது இதைத்தான்.

நடிகர் சட்டையில் குத்தும் சின்ன லேப்பல் மைக் துணியில் உரசும். மொடமொடப்பான புதுச் சட்டையை இரண்டு முறை துவைத்துவிட்டுப் போடுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ் அணைப்பது தெரிந்ததுதான். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க, வேன் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, மீன் குழம்பும் கெடாது.

காமெடி சீனை எந்த ஷாட்டிலிருந்து தொடங்குவது?

அகலமான ஷாட்டிலிருந்து. இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது டைமிங் அவர்கள் கையில், வெட்டினால் எடிட்டர் கையில். முதலில் அவர்கள் செய்வதைப் பாருங்கள். விழுவது, தடுக்குவது, ஓடுவது எல்லாம் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். முகத்தை மட்டும் காட்டினால் என்ன நடந்தது என்றே புரியாது.

பிறகு க்ளோசப். இங்கே ஒரு கட்டுப்பாடு: ஒருவர் பேசும்போது மற்றவர் வசனம் மேலே ஏறக் கூடாது. குரல்கள் தனித்தனியாக இருந்தால்தான் இடைவெளியை எடிட்டர் கூட்டலாம், குறைக்கலாம். கடைசி வரி முடிந்த பின் மூன்று நொடி கழித்து ‘கட்’ சொல்லுங்கள். நல்ல ரியாக்‌ஷன் அந்த மூன்று நொடியில்தான் வரும். பேசுகிறவரைவிடக் கேட்கிறவர் முகத்துக்கு அதிக டேக் செலவிடுங்கள். முக்கியமான வரியை மூன்று அளவில் எடுத்து வையுங்கள்: சாதாரணமாக, அடக்கி, தூக்கலாக. எது வேலை செய்யும் என்று ஸ்பாட்டில் யாருக்கும் தெரியாது.

யூனிட் சிரிப்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். முதல் டேக்கில் சிரித்தவர்கள் ஆறாவது டேக்கில் கல்லாக நிற்பார்கள். ஜோக் பழகிவிட்டது, கெட்டுப்போகவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து இயக்குநர் வசனத்தை மாற்ற ஆரம்பிப்பார், அங்கேதான் சீன் கெடும்.

எடிட்டிங்கில் சிரிப்பு காணாமல் போகிறதே?

24 ஃபிரேமில் கால் நொடி என்பது ஆறு ஃபிரேம். ஒரு ரியாக்‌ஷனை ஆறு ஃபிரேம் முன்னால் தள்ளினால் சிரிப்பு, பின்னால் தள்ளினால் ஒன்றுமில்லை. சீனைச் சுருக்க வேண்டும் என்று சொல்லும் தயாரிப்பாளர் கண்ணுக்கு முதலில் படுவது இந்த இடைவெளிதான். இடைவெளியை விடுங்கள், வரிகளை வெட்டுங்கள். ஒரே ஜோக்கை மூன்று வரியில் விளக்கியிருப்பீர்கள், முதல் வரியே போதும்.

பெரிய சிரிப்புக்குப் பிறகு இரண்டு நொடிக்குக் கதைக்கு அவசியமான வசனம் வரக் கூடாது. தியேட்டர் சத்தத்தில் அது கேட்காது. அதே இடம் போனில் தனியாகப் பார்ப்பவருக்கு வெறுமையாகத் தெரியும் என்பதால் அந்த இரண்டு நொடியில் ஒரு சின்ன முகபாவமாவது ஓடட்டும்.

சோதனைக் காட்சிக்குக் குறைந்தது இருபது பேர், நண்பர்கள் அல்லாதவர்கள். சிரிப்பு தொற்றும், ஒருவரைத் தனியாக உட்கார வைத்தால் நல்ல படத்துக்கும் சிரிக்க மாட்டார். ஒரு போனைப் பார்வையாளர் பக்கம் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்து, டைம்லைனில் படத்துக்கு அடியில் போடுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது எல்லாம் தெரியும். முடிந்தபின் ‘படம் எப்படி’ என்று கேட்டால் எல்லாரும் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சென்சாரில் சின்னப் படங்கள் எங்கே மாட்டுகின்றன?

பிராணிகளிடம். ஆடு, கோழி, நாய் எது வந்தாலும் படம் பிடிப்பதற்கு முன்பே விலங்குகள் நல வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதன் தடையின்மைச் சான்று இல்லாமல் தணிக்கை நகராது. எடுத்து முடித்த பிறகு ஓடினால் அந்த சீனே போகும். குரங்கையும் காளையையும் நடிக்க வைப்பதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

புகைபிடிக்கும் காட்சி இருந்தால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கைப் படமும், காட்சி ஓடும்போது திரையில் எழுத்தும் வேண்டும். பாத்திரத்துக்கு அவசியமில்லையென்றால் கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் வகையில் இப்போது யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 16+ வாங்கினால் குடும்பக் கூட்டம் யோசிக்கும்.

உடல் குறையைக் கேலி செய்யும் ஜோக்குகளை எழுதும்போதே தவிருங்கள். மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. அதோடு, அவை சோம்பேறி ஜோக்குகள்.

ஒப்பந்தம் எல்லாம் வேண்டுமா? எல்லாரும் நம்ம பசங்கதானே?

நம்ம பசங்கதான், படம் விற்கும் வரை. எழுத்தாளர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒளிப்பதிவாளர், நடிகர் எல்லாரிடமும் கையெழுத்து வேண்டும். உரிமை மாற்றத்தில் காலம் எழுதவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். ‘கதை உரிமை பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரியில் எழுதி வாங்கிய தாள் ஆறாவது ஆண்டில் செல்லாத தாள். ஓடிடி நிறுவனத்தின் வக்கீல் முதலில் கேட்பது இந்த ஒப்பந்தக் கட்டைத்தான்.

டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு ஓடுவதும், பாத்திரத்தின் ரிங்டோனும் அனுமதி வாங்க வேண்டியவையே. உங்கள் இசையமைப்பாளரிடம் அந்தக் காலத்து மெட்டுச் சாயலில் அரை நிமிடம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட்டைப் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியே 500 ரூபாய் கட்டிப் பதியலாம். தலைப்பை சென்னையில் உள்ள திரைத்துறை அமைப்புகளில் பதிய வேண்டும். போஸ்டர் அடித்த பிறகு தலைப்பு வேறொருவருடையது என்று தெரிந்தால் எல்லாம் குப்பைக்கு.

தியேட்டரில் விடலாமா, நேராக ஓடிடிக்குப் போகலாமா?

தெரிந்த முகம் இல்லாத படத்துக்கு ஓடிடிக்காரர்கள் மொத்தத் தொகை கொடுப்பது குறைந்துவிட்டது. பார்த்த நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு தருவதுதான் அதிகம். தியேட்டரில் ஓடிய பேச்சு இருந்தால் விலை பேசலாம். ஆனால் தமிழில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட படங்கள் வருகின்றன. ஒரு வெள்ளிக்கிழமையில் ஐந்தாறு சின்னப் படம். காலைக் காட்சி மட்டும் கிடைத்து, பத்துப் பேர் வரவில்லையென்றால் மதியமே எடுத்துவிடுவார்கள்.

ஒரு கணக்கு: 100 ரூபாய் டிக்கெட்டில் வரிகள் போக, தியேட்டர் பங்கும் போக, கைக்கு 45 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். வெளியீட்டுக்குச் செலவான 10 லட்சத்தை மட்டும் திரும்ப எடுக்க 22,000-க்கும் மேல் டிக்கெட் விற்க வேண்டும். மாநிலம் முழுக்க நூறு திரையில் சிதறவிடுவதைவிட, கதை நடக்கும் பகுதியான பாண்டி, கடலூர், விழுப்புரம், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலியோடு சென்னையில் சில திரைகள் என்று இருபது முப்பதில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மாலைக் காட்சி ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். காமெடிக்குக் கூட்டம் மாலையில்தான். பாதி நிரம்பிய அரங்கில் வரும் சிரிப்பு கால்வாசி அரங்கில் வராது.

அரசு உதவி ஏதாவது?

தரமான குறைந்த செலவுப் படங்களுக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. விண்ணப்ப அறிவிப்பு வரும்போது சான்றிதழ், வெளியீட்டு ஆதாரம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பணம் வர நாளாகும், பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள்.

ஒரு படம் முடிந்து அடுத்த படம் வரை சாப்பாட்டுக்கு?

முதல் படத்தில் இயக்குநர் சம்பளம் பேருக்குத்தான் இருக்கும். இரண்டு படங்களுக்கு இடையில் மூன்று ஆண்டுகூட ஆகலாம். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம், கல்லூரி அறிமுகப் படம், தேர்தல் காலத்தில் பிரசாரக் காணொளி, யூடியூப் தொடர்: இந்த ஊரில் இருந்துகொண்டே செய்யக்கூடியவை இவை. இதில் யூடியூப் தொடர் ஒன்றுதான் காமெடியைக் கூர்மையாக வைத்திருக்கும். எந்த நொடியில் ஆள் விலகிப் போகிறார் என்று வரைபடமே காட்டிவிடும்.

ஊர்க்காரர் ஒருவர் பணம் போடுகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம், படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு. ரொக்கமாக வாங்கி ரொக்கமாகச் செலவழித்தால் கடைசியில் இருவரிடமும் கணக்கு இருக்காது, வருத்தம் மட்டும் இருக்கும். வருகிற பணம் எந்த வரிசையில் போகும் என்று முதலிலேயே எழுதுங்கள்: முதலில் வெளியீட்டுச் செலவு, பிறகு போட்ட முதல், பிறகு பாக்கி வைத்த சம்பளங்கள், அதன் பின் லாபத்தில் பங்கு. முத்திரைத்தாளில் இருபக்கமும் கையெழுத்து வேண்டும். பணத்தை நான்கு தவணையாகக் கேளுங்கள்: ஒத்திகைக்கு முன், முதல் நாள் ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன், எடிட்டிங் தொடங்கும்போது, சென்சாருக்குப் போகும்போது. இரண்டாவது தவணை கணக்கில் ஏறாமல் கேமரா வண்டியைச் சென்னையிலிருந்து கிளப்பாதீர்கள். அவருடைய மருமகனுக்கு ஒரு வேஷம் கேட்பார். இரண்டு சீன் கொடுங்கள், வசனம் குறைவாக, இன்னொருவர் பேசுவதைக் கேட்கும் வேஷமாக. ஒருவேளை நன்றாக முழித்தால் படத்துக்கும் லாபம்.